காருக்கு நாலு நட்டு, லாரிக்குப் பத்து: ஏன்?

சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது பக்கத்து வண்டிகளின் சக்கர நட்டுகளை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். மாருதி ஆல்ட்டோவில் நான்கு. டொயோட்டா இன்னோவாவில் ஐந்து. ஃபார்ச்சூனரில் ஆறு. முன்னால் நிற்கும் சரக்கு லாரியில் பத்து. இன்னமும் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும் டாடா நானோ கண்ணில் பட்டால் அதில் மூன்றுதான்.

கனமான வண்டிக்கு நட்டு அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் சில கேள்விகள் அப்படியே நிற்கும். டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப்பில் ஆறு நட்டு. அதைவிடக் கனமான லேண்ட் குரூசர் 200 வரிசையில் ஐந்துதான். அதற்கு அடுத்து வந்த 300 வரிசையில் மறுபடி ஆறு. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டி ஓடும் ஃபார்முலா 1 காரிலோ சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டு. எடை மட்டும்தான் காரணம் என்றால் இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? நட்டு அங்கே என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கணக்கு பிடிபட்டுவிடும்.

ஸ்டெப்னி மாற்றும்போது பார்த்திருப்பீர்கள். சக்கரத்தைக் கழற்றி எடுத்ததும் உள்ளே ஒரு வட்டமான இரும்பு முகம் தெரியும். அதுதான் ஹப். அச்சின் முனையில் பேரிங்கோடு சேர்ந்து சுற்றுவது அது. அதன் மேல் பிரேக் டிஸ்க்கோ டிரம்மோ உட்கார்ந்திருக்கும். ஹப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரை போட்ட கம்பிகள்தான் ஸ்டட். ரிம்மின் துளைகளை அவற்றில் மாட்டி, மேலே நட்டைப் போட்டு இறுக்குகிறோம். ஜப்பான், கொரியா, அமெரிக்கா நிறுவனங்களின் வண்டிகளில் பெரும்பாலும் இந்த ஏற்பாடு. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, பிஎம்டபிள்யூ மாதிரியான ஐரோப்பிய வண்டிகளில் ஸ்டட் இருக்காது. ஹப்பிலேயே மரைத் துளை இருக்கும், போல்ட்டை ரிம் வழியாக நேரே அதில் முறுக்க வேண்டும். வேலை இரண்டுக்கும் ஒன்றே என்பதால் இனி ஸ்டட் என்றே எழுதுகிறேன்.

இப்போது பலரும் தவறாக நினைக்கும் இடத்துக்கு வருவோம். சுவரில் அடித்த ஆணியில் சட்டை தொங்குகிற மாதிரி வண்டியின் எடை இந்த ஸ்டட்களின் மேல் தொங்குகிறது என்று தோன்றும். கையில் ரிம்மை எடுத்துத் துளையைப் பாருங்கள். ஸ்டட்டைவிட அது சற்று அகலம். ஸ்டட்டின் உடம்பு துளையின் ஓரத்தில் படுவதே இல்லை. படாத கம்பி எடையை எப்படித் தாங்கும்?

தாங்குவது உராய்வு. நட்டை இறுக்கும்போது ஸ்டட் ஒரு ரப்பர் போல நூலளவு இழுபடுகிறது. இழுபட்டது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பில் ரிம்மின் முகமும் ஹப்பின் முகமும் ஒன்றோடொன்று பலமாக அழுந்துகின்றன. இரண்டு இரும்பு முகங்கள் அந்த அளவுக்கு அழுந்திய பிறகு ஒன்றின் மேல் ஒன்று வழுக்க முடியாது. வண்டியின் எடை, பிரேக்கின் பிடி, இன்ஜினின் முறுக்கு எல்லாமே அந்த முகங்கள் வழியாகத்தான் கடந்து போகின்றன. ஸ்டட்டின் வேலை இரண்டையும் விடாமல் சேர்த்துப் பிடித்திருப்பது மட்டுமே.

எவ்வளவு பலம் என்று ஒரு தோராயக் கணக்கு போடலாம். சிறிய கார்களின் ஸ்டட் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் குறுக்களவு. அதன் நட்டுக்குச் சொல்லப்படும் முறுக்கு விசை சுமார் 100 நியூட்டன் மீட்டர். ஓர் அடி நீள ஸ்பேனரின் முனையில் 33 கிலோவைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. இதில் பெரும்பகுதி நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகவே வீணாகிவிடும். பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் போகும். அந்த ஒரு பங்கே ஒரு ஸ்டட்டுக்கு ஏறத்தாழ 4 டன் இழுப்பைத் தருகிறது. நான்கு ஸ்டட்டுக்கு 16 டன். மொத்தமே ஒரு டன் எடையுள்ள காரின் ஒற்றைச் சக்கரம், 16 டன் விசையோடு ஹப்பில் அழுந்தி நிற்கிறது.

இவ்வளவு எதற்கு? கார் நின்றுகொண்டிருந்தால் தேவையே இல்லை. ஆள் ஏற்றிய சிறிய காரில் ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ சுமார். சாலையில் ஓடும்போதுதான் சோதனை. மாடு குறுக்கே வந்து பிரேக்கை முழுசாக மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எடை முன்பக்கம் சாய்ந்து, சாலை ஒரு முன்சக்கரத்தை 400 கிலோ அளவுக்குப் பின்னோக்கி இழுக்கிறது. டயரின் ஆரம் 27, 28 சென்டிமீட்டர். ஸ்டட்கள் நிற்கும் வட்டத்தின் ஆரமோ 5 சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி வெளியே 400 கிலோவாக இருந்தது உள்ளே ஸ்டட் வட்டத்தில் ஐந்தரை மடங்காகி 2 டன்னைத் தாண்டிவிடும். இரும்பு முகங்களின் உராய்வு, அழுத்தும் விசையில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்தால் 16 டன்னுக்கு 2.7 டன் வரை தாக்குப்பிடிக்கும். சரி, போதும். நட்டுகள் தளர்ந்து பாதி இறுக்கம் போயிருந்தால்? 1.3 டன்தான் மிச்சம். அப்போது முகங்கள் வழுக்கும், துளையின் ஓரம் ஸ்டட்டை இடிக்கும். ஒவ்வொரு பிரேக்கிலும் அது முன்னும் பின்னும் வளைபடும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது எப்படியோ அப்படித்தான் ஸ்டட் ஒடியும். வீல் ஸ்டட் உடைந்தது என்று கேள்விப்படும் பல சம்பவங்களில் ஸ்டட்டுக்குப் பலம் போதாமல் இல்லை. இறுக்கம் போதாமல் போயிருக்கும்.

வளைவில் திரும்பும்போது வேறொரு விசை வருகிறது. டயரின் அடிப்பகுதியைச் சாலை பக்கவாட்டில் தள்ளும். அது சக்கரத்தை ஹப்பிலிருந்து ஒரு பக்கமாக நெம்பித் திறக்கப் பார்க்கும். இதை எதிர்ப்பதில் ஸ்டட்கள் எத்தனை என்பதோடு, மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதும் சேர்ந்துகொள்கிறது. தள்ளி நின்றால் பிடிமானம் அதிகம்.

ஆக, வடிவமைப்பாளர் கையில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஸ்டட் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு தடிமன், அவை நிற்கும் வட்டம் எவ்வளவு பெரியது. இந்த வட்டத்தின் விட்டத்தைத்தான் டயர் கடைகளில் பி.சி.டி. என்பார்கள். தேவையான மொத்தப் பிடியை இந்த மூன்றில் எதைக் கூட்டியும் எதைக் குறைத்தும் கொண்டுவரலாம். ஹைலக்ஸ் புதிரும் இங்கே அவிழ்கிறது. ஹைலக்ஸில் 12 மில்லிமீட்டர் ஸ்டட் ஆறு, 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில். லேண்ட் குரூசர் 200-ல் 14 மில்லிமீட்டர் ஸ்டட் ஐந்து, 150 மில்லிமீட்டர் வட்டத்தில். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் தடிமனும் வட்டமும் கூடிவிட்டன. நட்டை மட்டும் எண்ணினால் இது தெரியாது.

அப்படியானால் நான்கைந்து மெல்லிய ஸ்டட்டுக்குப் பதிலாகத் தடியான ஒன்றே ஒன்றை நடுவில் போட்டுவிடலாமே? போடலாம், ஆனால் அதை யார் இறுக்குவது? ஸ்டட்டின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் அதன் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும், நாலு ஸ்டட்டின் வேலையை அது ஒன்றே செய்யும். ஆனால் அதே அளவு இழுபட வைக்கத் தேவைப்படும் முறுக்கு விசை எட்டு மடங்கு. 100 நியூட்டன் மீட்டர் 800 ஆகிவிடும். வண்டியோடு வரும் வீல் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, இரவில் சாலையோரத்தில் பஞ்சராகி நிற்கும் ஒருவரால் அதைக் கழற்ற முடியாது. பல சிறிய நட்டுகளாகப் பிரித்துப் போடுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று மனிதக் கையின் பலம். பொறியியல் புத்தகங்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை. எனக்கென்னவோ இதுதான் இந்த விஷயத்தில் மிக அழகான பகுதி என்று தோன்றுகிறது. ஒரு சாதாரண ஆளின் தோளும் முழங்கையும் சேர்ந்து காரின் ஒரு பாகத்தை வடிவமைத்திருக்கின்றன.

ஃபார்முலா 1-ல் கை பலம் ஒரு பொருட்டில்லை. அங்கே காற்றழுத்தத்தில் ஓடும் துப்பாக்கி நட்டைப் பிடித்துச் சுழற்றுகிறது. ஒற்றை நட்டின் வேலை சக்கரத்தை அழுத்திப் பிடிப்பது மட்டும். சுற்றும் முறுக்கைக் கடத்துவதற்கு ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் தனியாக முளைகள் இருக்கும். நான்கு சக்கரத்தையும் கழற்றி மாட்ட இரண்டு விநாடி சுமார் ஆகிறது. 2023 கத்தார் போட்டியில் மெக்லாரன் குழு 1.80 விநாடியில் முடித்தது. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் காலங்காலமாக ஐந்து நட்டு இருந்தது. 2022-ல் அங்கே முதல்நிலைத் தொடரான கப் பந்தயங்களிலும் ஒற்றை நட்டுக்கு மாறிவிட்டார்கள்.

ஒற்றை நட்டில் உள்ள ஆபத்தும் ஒருநாள் எல்லோருக்கும் தெரியும்படி வெளிப்பட்டது. 2021 மொனாக்கோ போட்டியில் வால்ட்டேரி பொட்டாஸ் ஓட்டிய மெர்சிடிஸ் கார் டயர் மாற்ற உள்ளே வந்தது. முன்பக்க வலது சக்கரத்தின் நட்டில் துப்பாக்கி சரியாகப் பொருந்தாமல் சுழன்று, நட்டின் பிடிமுனைகளை வழித்தெடுத்துவிட்டது. பிடிக்க இடமில்லாத நட்டைக் கழற்ற வழியே இல்லை. அவருடைய போட்டி அங்கேயே முடிந்தது. இங்கிலாந்தில் பிராக்லியிலுள்ள தொழிற்சாலைக்குக் காரைக் கொண்டுபோன பிறகுதான் அந்தச் சக்கரம் கழன்றது. ஐந்து நட்டு இருந்து ஒன்றின் முனை மழுங்கியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

எதிர்ப்பக்கம் லாரிக்கு வருவோம். இந்தியாவில் 2018 முதல் நான்கு டயர் உள்ள ஓர் அச்சுக்கு 11.5 டன் வரை சட்டப்படி அனுமதி. அதாவது ஒரு பக்கத்து இரட்டைச் சக்கரத்தின் மேல் ஐந்தே முக்கால் டன். பின்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரிம்களையும் ஒரே செட் ஸ்டட்கள் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அதனால் மூன்றையும் கூட்டிவிடுகிறார்கள். உலகம் முழுக்கக் கனரக வண்டிகளில் அதிகம் காணப்படும் ஏற்பாடு 22 மில்லிமீட்டர் ஸ்டட் பத்து, 335 மில்லிமீட்டர் வட்டம். ஒவ்வொரு நட்டுக்கும் 600 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கு வேண்டும். லாரியில் கிளீனர் ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி, அதன் முனையில் ஏறி நின்று ஓர் உந்து உந்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மீட்டர் பைப்பின் முனையில் 60 கிலோ ஆள் நின்றால் வருவது கிட்டத்தட்ட அதே 600. முரட்டு வேலை போலத் தெரிந்தாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அப்படி இறுக்கிய ஒரு ஸ்டட் 13, 14 டன் இழுப்பில் நிற்கும். பத்துக்கும் சேர்த்தால் 130 டன்னுக்கு மேல்.

சரி, லாரிக்குப் பத்து புரிகிறது. காருக்கு மூன்று, நான்கு, ஐந்து என்று மாறுவது ஏன்? இதற்கு எடை ஒரு பாதி. மறுபாதியை ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ஒரு வட்டம் வரைந்து அதில் சம இடைவெளியில் மூன்று புள்ளி வையுங்கள். மூன்றையும் கோட்டால் சேர்த்தால் வட்டத்தின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும். இப்போது ஒரு புள்ளியை அழியுங்கள், ஒரு நட்டு கழன்று விழுந்துவிட்டதாக. மிச்சம் இரண்டு புள்ளி, நடுவில் ஒரு கோடு. மையம் அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. சக்கரத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பிடியில்லாமல் நிற்கிறது. அடுத்து நான்கு புள்ளி வைத்து ஒன்றை அழியுங்கள். மிச்சமிருக்கும் மூன்றைச் சேர்த்தால் வரும் முக்கோணத்தின் ஓரக்கோட்டின் மேலேயே மையம் விழும். நூலிழையில் நிற்கிற நிலை. ஐந்து புள்ளி வைத்து ஒன்றை அழித்துப் பாருங்கள். மிச்சம் நான்கையும் சேர்க்கும் வடிவத்துக்குள் மையம் பத்திரமாக இருக்கும். ஒன்று போனாலும் மீதமுள்ளவை மையத்தைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்க வேண்டும் என்றால், அதற்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை ஐந்து. நடுத்தரக் கார்களிலிருந்து பெரிய கார்கள் வரை ஐந்து இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இந்த வடிவக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஒரு நட்டு இல்லாமல் ஓட்டலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மிச்சமுள்ளவற்றின் மேல் சுமை ஏறத்தான் செய்யும்.

மூன்று நட்டு வண்டிகள் எல்லாமே மிக இலகுவானவை. பிரான்சின் சித்ரோவன் 2சிவி, ரெனோ 4, பின்னாளில் ஸ்மார்ட் ஃபார்ட்டூ. 2008-ல் டாடா நானோவை அறிமுகப்படுத்தியபோது ஒரு லட்சம் ரூபாய் விலைக்குள் கொண்டுவரப் பைசா பைசாவாகக் குறைத்தார்கள். சக்கரத்துக்கு நான்கு நட்டு என்றிருந்ததை மூன்றாக்கியதும் அதில் ஒன்று. காருக்கு நான்கு ஸ்டட்டும் நான்கு நட்டும் மிச்சம். தொழிற்சாலையில் இறுக்கும் வேலையும் குறைவு. 600 கிலோ சொச்சம் எடையுள்ள காருக்கு மூன்று போதும் என்று கணக்கு சொன்னது. ஐந்தாவது ஸ்டட் இலவசமாக வருவதில்லை என்பதை நானோ நன்றாகக் காட்டுகிறது. ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் ஹப்பில் ஒரு துளை வேண்டும், துளைகளுக்கு நடுவில் போதுமான இரும்பு மிச்சமிருக்க வேண்டும். அதற்கு ஹப் பெரிதாக வேண்டும். சஸ்பென்ஷனுக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவும் வண்டி குலுங்குவதைக் கூட்டும்.

கணக்குக்கு வெளியே இருந்து வரும் காரணங்களும் உண்டு. அவற்றில் பெரியது பரம்பரை. 139.7 மில்லிமீட்டர் என்ற விசித்திரமான எண்ணைப் பாருங்கள். அது சரியாக ஐந்தரை அங்குலம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் சக்கரத்தில் ஐந்தரை அங்குல வட்டத்தில் ஐந்து ஸ்டட் இருந்தது. அதே ஐந்து, அதே ஐந்தரை அங்குலம் மாருதி ஜிப்ஸியிலும் இருந்தது, இன்றைய சுசுகி ஜிம்னியிலும் இருக்கிறது. ஜிம்னி பெரிய வண்டியொன்றும் இல்லை. கார்களில் அதிகம் காணப்படும் 114.3-ம் இப்படித்தான், நாலரை அங்குலம். ஒரு நிறுவனம் ஓர் அளவில் ஹப்பும் ரிம்மும் செய்ய ஆரம்பித்துவிட்டால் அச்சுகளும் கருவிகளும் உதிரிபாகங்களும் அந்த அளவிலேயே குவிந்துவிடும். புது மாடலுக்குப் புது அளவு என்பது வீண் செலவு. பல மாடல்களுக்கு ஒரே ஹப்பைப் பகிர்ந்துகொள்ளும்போது, கனமான மாடலுக்குத் தேவைப்பட்ட ஐந்து ஸ்டட் இலகுவான மாடலுக்கும் வந்துவிடும். ஃபோர்டின் எஃப்-150, எஃப்-250 பிக்கப்களில் கூடுதல் சுமைக்கான சில வகைகளில் ஏழு ஸ்டட்கூட இருந்தது. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்ற அந்த ஏழை வேறெங்கும் பார்ப்பது அபூர்வம்.

அலாய் வீல் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தப் பரம்பரையால் ஒரு தொல்லை உண்டு. நாலு துளைக்கு நாலு துளை இருக்கிறது, பொருந்திவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. ஹூண்டாய் ஐ10, மாருதி பலேனோ போன்றவற்றில் ஸ்டட் வட்டம் 100 மில்லிமீட்டர். ஃபியட் பாலியோவில் 98. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர் என்பதால் ஒன்றின் ரிம்மை மற்றதில் எப்படியோ மாட்டிவிட முடியும், நட்டும் ஏறிவிடும். ஆனால் துளையின் சரிவில் நட்டு முழுசாக உட்காராது. ஓர் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு இறுகிவிட்ட மாதிரி பாவனை காட்டும். ஓட ஓட அந்த ஓரம் தேய்ந்து இறுக்கம் போய்விடும். நட்டின் அடிப்பகுதி வடிவமும் இதே அளவு முக்கியம். சில வண்டிகளுக்குக் கூம்பு வடிவ நட்டு, ஹோண்டாவின் ரிம்களுக்கு உருண்டை அடி நட்டு. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் போட்டால் மெல்லிய ஒரு வளையம் மட்டுமே தொடும். ரிம் வாங்கும்போது நட்டு எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். நடுத்துளையின் அளவும் பொருந்த வேண்டும். ஐ10-க்கு 54.1, ஹோண்டா சிட்டிக்கு 56.1.

பழைய ஜீப்களைக் கையாண்டவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். வில்லிஸ் ஜீப்பின் இடப்பக்கச் சக்கரங்களில் எதிர் மரை இருந்தது, அதாவது வழக்கத்துக்கு மாறான பக்கம் திருகினால்தான் இறுகும். முன்னோக்கி ஓடும்போது இடப்பக்கச் சக்கரத்தை வெளியிலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். சாதாரண நட்டு கழல்வதும் அதே திசையில்தான். இறுக்கம் குறைந்து அசைவு வந்துவிட்டால் அந்த அசைவு இடப்பக்க நட்டைக் கழற்றும் திசையிலேயே தள்ளும். பிரிட்டனில் கனரக வண்டிகளில் கழன்று ஓடிய சக்கரங்களை ஆராய்ந்தபோதும் இடப்பக்கப் பின்சக்கரமே அதிகம் என்று தெரியவந்தது. நட்டைச் சரியான அளவில் இறுக்கினால் அந்த அசைவுக்கே இடமில்லை என்பதால் இன்றைய வண்டிகளில் இரண்டு பக்கமும் ஒரே மரைதான்.

சரியான அளவு என்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் ஒரு சிறிய எண். 100 நியூட்டன் மீட்டரில் இறுக்கும்போது ஒரு கார் ஸ்டட் எவ்வளவு நீளும் தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அந்த 4 டன் இழுப்பு முழுவதும் இந்த நூலிழை நீட்சிக்குள் இருக்கிறது. ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் துருவோ மண்ணோ தடிமனான பெயின்ட்டோ ஒரு படலமாக இருந்து, நாலு நாள் ஓட்டத்தில் அது நசுங்கி இருபதில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இறங்கினால், நட்டு ஒரு துளிகூடச் சுழலாமலேயே இறுக்கம் மொத்தமும் காணாமல் போய்விடும். சக்கரம் மாற்றிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி சரிபார்க்கச் சொல்வது இதற்காகத்தான். மாட்டுவதற்கு முன் இரண்டு முகங்களையும் கம்பி பிரஷால் தேய்த்துத் துடைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

மரையில் எண்ணெய் விடுவது நல்லதுக்கு என்று செய்யப்படும் கெடுதல். உராய்வு குறைந்தால், வழக்கமான அதே முறுக்குக்கு ஸ்டட் அளவுக்கு மீறி இழுபட்டுவிடும். பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியை வைத்து நிறுத்தாமல் இறுக்குவதும் இதே கதை. சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு போனால் ஸ்டட் நிரந்தரமாக நீண்டுவிடலாம். நீண்டது திரும்பச் சுருங்காது, சுருங்காத ஸ்டட்டால் அழுத்திப் பிடிக்க முடியாது. துப்பாக்கியில் லேசாக ஏற்றிவிட்டுக் கடைசி இறுக்கத்தை, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் முடிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கேட்பது உங்கள் உரிமை.

நீங்களே மாற்றுவதாக இருந்தால் எல்லா நட்டுகளையும் முதலில் கையால் ஏற்றுங்கள். கையால் மூன்று நான்கு சுற்று ஏறாத நட்டு மரையில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஒன்றை இறுக்கியதும் அடுத்ததற்குப் போகாமல் எதிரில் உள்ளதற்குப் போக வேண்டும். ஐந்து நட்டு என்றால் ஒன்றைவிட்டு ஒன்றாக நட்சத்திரம் வரைகிற வரிசை. வரிசையாகச் சுற்றிக்கொண்டு போனால் முதலில் இறுகிய பக்கம் ரிம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். ஜாக்கியை இறக்கி டயர் தரையில் பட்ட பிறகு கடைசி இறுக்கம்.

பேருந்துகளிலும் லாரிகளிலும் சில சமயம் ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் அம்பு மாட்டியிருப்பதைக் காணலாம். பக்கத்துப் பக்கத்து அம்புகளை எதிரெதிராகப் பார்க்கும்படி வைத்திருப்பார்கள். ஒரு நட்டு கொஞ்சம் திரும்பினாலும் அதன் அம்பு வரிசை தப்பிக் காட்டிக்கொடுத்துவிடும். நீண்ட பயணத்துக்கு நடுவில் டீ குடிக்க இறங்கும் ஓட்டுநர் சக்கரத்தைத் தொடாமலேயே பத்தையும் ஒரு பார்வையில் சரிபார்த்துவிடலாம். நட்டு திரும்பாமல் இறுக்கம் மட்டும் போயிருந்தால் அம்புக்கு அது தெரியாது, அதற்கு ரெஞ்ச்தான் வேண்டும்.

ஒரு ஸ்டட் உடைந்துவிட்டால் அதை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். அது உடைவதற்கு முன்பே பக்கத்தில் இருந்த இரண்டும் அதன் சுமையையும் சேர்த்து வாங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவற்றில் ஆரம்பித்திருக்கலாம். கனரக வண்டிப் பட்டறைகளில் பின்பற்றப்படும் விதி இது: ஒன்று உடைந்தால் அதோடு இரு பக்கமும் உள்ளதைச் சேர்த்து மூன்றாக மாற்ற வேண்டும், ஒரே சக்கரத்தில் இரண்டு உடைந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் ஸ்டட்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். காருக்கும் அதையே செய்யச் சொல்லுங்கள். ஸ்டட் விலை அதிகமில்லை.